கே என்றால் கோதண்டம்

போன வாரம் கேஸ் ஏஜென்சிக்குப் போன் செய்தேன். கனெக்‌ஷன் என் வீட்டுக்காரர் கிருபாகரன் பெயரில் இருக்கிறது. பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள் அந்தப் பக்கத்துப் பெண். "கே ஃபார் கோதண்டம்" என்று ஆரம்பித்தேன். அப்படி ஒரு வார்த்தை அவள் பட்டியலில் இல்லை போலிருக்கிறது. பிறகு, "கே ஃபார் கைட்டா, மேடம்?" என்றாள். ஆமாம், காற்றாடிதான் என்று சொல்லி மேலே போனேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே, "அந்தாளு உன்ன வுடமாட்டாரு" என்றார்.

கோதண்டம் எனக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பங்காருபேட்டை ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது, வெளியே வண்டி ஸ்டாண்டில் ஸ்கூட்டர்களைத் தள்ளி வரிசையாக நிறுத்திக்கொண்டிருக்கும் ஒரு காக்கிச் சட்டை முதுகைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். அந்தப் பெயரை என் நாக்கில் ஏற்றியவள் அவருடைய மனைவி. அவளை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊர் வெளியே அனுப்பியது பெரும்பாலும் காவலாளிகளை. விடிந்தும் விடியாமலும் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், பெட்டி முழுக்க நீலச் சட்டையும் தோள்பட்டையில் கயிறும்தான். நானும் அக்காவும் ஒயிட்ஃபீல்டில் இறங்குவோம். அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி வளாகத்தில் எங்களுக்கு வேலை. முதல் கேட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதில் நான் வருகிறவர்களுக்குப் பாஸ் எழுதிக் கொடுப்பேன். எல்லாக் கேட்டுக்கும் கன்ட்ரோலும் அதே அறைதான்; எதிர் மேசையில் அக்கா கையில் வாக்கியோடு, அதாவது வாக்கிடாக்கியோடு, உட்கார்ந்திருப்பாள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கேட்டுக்கு ஒரு கார் வந்து நிற்கும். அங்கே இருக்கிற காவலாளி நம்பர் பலகையைப் பார்த்து வாக்கியில் சொல்லுவார். அக்கா கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, அந்த வண்டிக்கு அனுமதி உண்டு என்றால் அதே நம்பரைத் திருப்பிச் சொல்லி, "வுடு" என்பாள். தடுப்புக் கட்டை மேலே போகும். ஆனால் வாக்கிக்குள் போனால் பியும் டியும் ஒரே சத்தம்தான். அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது விதி. எங்கள் சூப்பர்வைசர் பட்டாளத்திலிருந்து வந்தவர். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று அச்சடித்த ஒரு அட்டையை எல்லோர் கழுத்திலும் தொங்கவிட்டார்.

அட்டை தொங்கியதே தவிர யாரும் அதைப் படிக்கவில்லை. காலை நேரத்தில் கார்கள் வால் பிடித்து நிற்கும்போது அட்டையைத் திருப்பிப் பார்க்க யாருக்கு நேரம்? ஒருவர் பிக்குப் பிஸ்கெட் என்றார். இன்னொருவர் பீகார் என்றார். மூன்றாமவர் பீடி என்றார். ஒருநாள் ஒரு பெரிய மேனேஜரின் காரை வெளியே நிறுத்திவிட்டு, துணி சலவைக்கு எடுத்துப் போகிற வேனை உள்ளே விட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர் குதித்தார். மறுநாள் அக்கா அட்டையைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு, ஊரிகத்தில் தான் குடியிருக்கும் சுரங்கத் தொழிலாளர் லைனை வாக்கியில் ஏற்றிவிட்டாள்.

ஏக்கு ஆரோக்கியம், பிக்குப் பெஞ்சமின், எம்முக்கு முனியம்மா, என்னுக்கு நேசமணி, ஆருக்கு ராஜம்மா. எல்லோரும் அவள் வீட்டு வரிசையில் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தவர்கள். தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கிறவர்கள். க்யூ, எக்ஸ், ஜெட் என்று வந்தபோது இந்துக்கள் வீட்டில் ஆள் கிடைக்கவில்லை. அங்கேதான் எங்கள் வேதக்கார ஜனம் கைகொடுத்தது. குயின்மேரி, சேவியர், ஜக்கரியா. என் பெயருக்கு இடம் இல்லையா என்று கேட்டேன். "உன் எழுத்துல ஏற்கெனவே ஆளு கீறாங்க. யாராவது காலி பண்ணா சொல்றேன்" என்றாள். வீடு வாடகைக்குக் கேட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

முகம் தெரியாத மனிதர்களின் பெயர்கள் காவலாளிகளுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டன என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அக்கா மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர்களைப் பற்றிக் கதை சொல்லுவாள். முனியம்மாவுக்கும் ராஜம்மாவுக்கும் ஆகாது, அவர்களைச் சேர்த்துச் சொல்லும்போது கொஞ்சம் இடைவெளி விடு என்பாள். இரண்டாவது கேட்டில் மீசை நரைத்த ஒடிசாக்காரர் ஒருவர் இருந்தார். கோலார் பக்கமே வராதவர். அவர் ஒருநாள் என்னிடம் வந்து, "பெஞ்சமின் கால் வலி எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். சூப்பர்வைசர் ஒரு வாரம் முறைத்தார். அப்புறம் அவரும் ஒரு டெலிபோன் பேச்சில் யாரிடமோ "எம் ஃபார் முனியம்மா" என்று சொல்வதை என் காதால் கேட்டேன்.

அக்காவின் குணத்தைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், அவள் தன் வாயை நம்பினாள், மற்றவர் காதை நம்பவில்லை. எதைச் சொன்னாலும் எதிராளி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாக்கி வேலையில் அது முறைதான். அக்கா அதை வீட்டுக்கும் கொண்டுபோனாளா, வீட்டிலிருந்து இங்கே கொண்டுவந்தாளா என்று எனக்குத் தெரியாது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தையல்காரரிடம் ரவிக்கைத் துணி கொடுக்கப் போனபோது நானும் கூட இருந்தேன். "முதுவுல ஜன்னல் வேணாம். இன்னா சொன்னேன்?" என்றாள். தையல்காரர் சிரித்து, "கேட்டுச்சும்மா" என்றார்.

"நான் சொன்னது எனக்குத் தெரியும். நீங்க கேட்டது எனக்கு எப்டித் தெரியும்? திருப்பிச் சொல்லுங்க."

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர், "முதுகுல ஜன்னல் வேணாம்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். அக்கா தலையை ஆட்டி, "காப்பி" என்றாள். கேட்டுக்கொண்டேன் என்பதற்கு வாக்கியில் அப்படித்தான் சொல்லுவோம். பஸ் கண்டக்டர், கறிக்கடைக்காரர், ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள், யாரும் இதற்குத் தப்பவில்லை.

இனி கே என்ற எழுத்துக்கு வருகிறேன். கர்நாடகத்தில் ஓடுகிற வண்டிக்கெல்லாம் முதல் எழுத்து கே. மற்ற எழுத்துகள் வந்தாலும் வரும், வராமலும் போகும். கே வராமல் ஒரு வண்டி போகாது. அந்த எழுத்துக்கு அக்கா வைத்த பெயர் கோதண்டம்.

அவர் யார் என்று எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சுரங்கத்தில் அடியில் வேலை பார்த்தவர். மூடிய பிறகு சில வருஷம் சும்மா இருந்தார். பிறகு பங்காருபேட்டையில் ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று போனவர், அங்கேயே ஒரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. காலையில் வேலைக்குப் போனவர் சாயங்காலம் வேறு வீட்டுக்குப் போனார், அவ்வளவே. ரயிலில் போக முக்கால் மணி நேரம்கூட ஆகாத தூரம்.

எங்கள் லைன்களில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. நாங்கள் வேதக்காரர்கள், நான் என் வீட்டுக்காரரைத் தெருவுக்கே கேட்கும்படி பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அக்கா அப்படி இல்லை. ரயிலில் புதிதாக வந்த ஒருத்தி, "உங்க வீட்டுக்காரர் பேரு இன்னாக்கா?" என்று கேட்டால், அக்கா என் பக்கம் திரும்புவாள். நான்தான் சொல்லுவேன். வீட்டில், தெருவில், ரேஷன் கடையில் அவர் எப்போதும் 'பங்காருபேட்டைக்காரரு'. நீலச் சட்டை போட்டு வாக்கியைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் கோதண்டம், கோதண்டம், கோதண்டம். ஒரு காலையில் எத்தனை கார் வருமோ அத்தனை தடவை.

ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன். "ஏங்க்கா, உங்க லைன்ல கேக்கு வேற ஆளே இல்லியா? குப்பம்மா கீறாங்க, கமலா கீறாங்க."

அக்கா டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள். "கீறாங்க. ஆனா அவங்க பேர நான் சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் ஆவாதே."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம் என்று ஒன்று இருந்ததாக நான் அதுவரை நினைத்ததே இல்லை. குரலை உயர்த்த மாட்டாள், யாரையும் திட்ட மாட்டாள். தீர்த்துக்கொள்ள வேண்டியதையெல்லாம் இந்த ஒரு எழுத்தில் போட்டு வைத்திருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கும் பழகிவிடலாம். வருஷம் போகப் போக எனக்கும் மற்றவர்களுக்கும் அது வெறும் ஒரு எழுத்து ஆகிவிட்டது.

ரயில் பங்காருபேட்டையில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். அக்கா எப்போதும் ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னலில் உட்காருவாள். இந்தப் பக்கத்து ஜன்னலில் நான். ரயில் கிளம்பிய பிறகு, "மழை இருந்துச்சா அங்க?" என்பது போல ஏதாவது கேட்பாள். பிளாட்பாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மழையும் இந்தப் பக்கம் ஒரு மழையும் பெய்யுமா? அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். "தொப்பி போட்டுக்கினு நின்னுக்கினு கீறாரு" என்பேன். "காப்பி" என்பாள்.

ஒரு வருஷம், குளிர் தொடங்கிய சமயம், ஸ்டாண்டில் அந்த முதுகைக் காணோம். வேறு ஒரு ஆள் ஸ்கூட்டர் தள்ளிக்கொண்டிருந்தார். அன்று அக்காவிடம் சொன்னேன். மறுநாளும் காணோம். அதற்கு அடுத்த வாரம் ஒரு பெண் பங்காருபேட்டையில் எங்கள் பெட்டியில் ஏறினாள். சீருடைக் கூட்டத்தில் சேலை கட்டிய ஒருத்தி. எங்கள் ஊர்ப் பெண்கள் தானாக நகர்ந்து வழிவிட்டார்கள். அவள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேராக அக்கா முன்னால் வந்து நின்றாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் என்று அவள் தமிழிலேயே தெரிந்தது.

"அக்கா, அவருக்கு மூச்சு இல்ல. ராத்திரி படுக்க முடியல, உக்காந்தே இருக்காரு" என்றாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க ஆபீஸ்ல டெய்லி அவர் பேரு சொல்றீங்களாம். ரயில்ல வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. அக்கா, உங்க கால்ல விழறேன். அது மட்டும் நிறுத்துங்க."

சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அக்கா, "இன்னா சொன்னே? திருப்பிச் சொல்லு" என்றாள். அது பழக்க தோஷமா, பழிவாங்கலா என்று அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே திருப்பிச் சொன்னாள். மூச்சு இல்லை என்பதிலிருந்து நிறுத்துங்கள் என்பது வரை, ஒரு வார்த்தை விடாமல்.

"காப்பி" என்றாள் அக்கா. அடுத்த ஸ்டேஷனில் அந்தப் பெண் இறங்கிப் போனாள்.

ஒயிட்ஃபீல்டு வரை நான் அக்காவோடு வாதாடினேன். "அது தூசிக்கா. மைன்ஸ் தூசி. அடியில வேலை செஞ்ச எல்லாருக்கும் நெஞ்சுல கீது. எங்கப்பாவும் அதுலதான் போனாரு. எங்கம்மா பேரா சொன்னாங்க?"

"தூசிதான், தெரியும்" என்றாள். "அந்தத் தூசி எங்க லைன்ல எத்தினி பேருக்குக் கீது? ஜக்கரியாவுக்குக் கீது. பெஞ்சமினுக்குக் கீது. அவுங்க நடமாடிக்கினுதான கீறாங்க. இவரு மட்டும் ஏன் படுத்தாரு?"

அவள் இதைப் பதிலுக்காகக் கேட்கவில்லை.

அன்று கன்ட்ரோலுக்குள் வந்ததும் வாக்கியை எடுத்து எல்லாக் கேட்டுக்கும் சேர்த்துப் பேசினாள். "இன்னியிலேந்து கே மாறுது. கேக்குக் கத்திரிக்கா. ஆளு பேரு வேணாம். கத்திரிக்கா. எல்லாரும் திருப்பிச் சொல்லுங்க." ஒவ்வொரு கேட்டிலிருந்தும் கத்திரிக்கா, கத்திரிக்கா என்று வந்தது. யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, இது என்ன மார்க்கெட்டா என்று கேட்டார். அக்கா அவரையும் திருப்பிச் சொல்ல வைத்தாள்.

ஆனால் சில வருஷமாக நாக்கில் ஊறிய பெயர் ஒரு நாளில் போகுமா? காலைக் கூட்டத்தில் கோதண்டம் வந்து விழுந்துகொண்டே இருந்தது. அதிகம் தவறியவர் அந்த ஒடிசாக்காரர்தான். ஒவ்வொரு தடவையும் அக்கா வாக்கியில், "நெகட்டிவ். கத்திரிக்கா. திருப்பிச் சொல்லு" என்பாள். பெண்டாட்டி சொன்னால்தானே ஆயுசு குறையும், ஒடிசாக்காரர் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"என் வாயிலேந்து கத்துக்கினதுதான அது?" என்றாள். "அவுங்க வாய் இல்ல, அதெல்லாம் என் வாய்."

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் இருவருக்கும் வார விடுமுறை. காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்து, என்னை ராபர்ட்சன்பேட்டைக்கு வரச் சொன்னாள். போன இடம் அம்மன் கோயில். நான் வாசலிலேயே நின்றேன். "உள்ள வா. உன்னால ஒரு வேலை ஆவணும்" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அர்ச்சனைக்குப் பெயர் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

பூசாரி தட்டை வாங்கி, "பேரு, நட்சத்திரம்?" என்றார். "கோதண்டம்" என்றேன். அவர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், விஷயத்தைப் புரிந்துகொண்டார். நட்சத்திரத்தை அக்காவே சொன்னாள். அவர் உள்ளே திரும்பப் போனபோது, "சாமி, பேரு இன்னான்னு ஒருதபா திருப்பிச் சொல்லுங்க" என்றாள். "கோதண்டம்தானேம்மா" என்று எரிச்சலோடு சொன்னார். அக்கா கையைக் கூப்பிக்கொண்டாள். சாமி கும்பிடுகிறாளா, அவர் சரியாகச் சொன்னதற்கு நன்றி சொல்கிறாளா என்று சொல்ல முடியாது. எனக்கு அவள் மேல் அன்று தாங்க முடியாத பிரியம் வந்தது. அதை நான் காட்டிக்கொள்ளவில்லை, வெளியே வந்து பூக்கடையில் பேரம் பேசினேன்.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் போனோம். பங்காருபேட்டைக்கு மட்டும் அவள் போகவில்லை. பார்க்க வரச்சொல்லி ஆள் வந்தது. "அங்க ஒருத்தி பாத்துக்கினு கீறா இல்ல? நான் இன்னாத்துக்கு? நான் செய்யவேண்டியத இங்கேந்து செய்றேன்" என்றாள். செய்ய வேண்டியது என்று அவள் சொன்னது சும்மா இருப்பதை. ஒரு பெயரைச் சொல்லாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்பதை நான் அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலையில் வாக்கியை எடுக்கும்போதே உதட்டை ஒருமுறை அழுத்திக்கொள்ளுவாள். கே வருகிற இடத்தில் ஒரு கணம் நிற்பாள். நின்று, கத்திரிக்கா என்பாள். அவளால் வரிசை மெதுவாகிறது என்று புகார்கூட வந்தது.

ஒருநாள் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தார்கள். எல்லாக் கேட்டிலும் ஒரே சமயத்தில் வண்டிகள். வாக்கியில் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் விழுந்தார்கள். அக்கா வேகமாக ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த வேகத்தில், "கோதண்டம், ஆரோக்கியம்…" என்று சொல்லிவிட்டாள்.

எல்லாக் கேட்டும் ஒரே சமயத்தில் அமைதியானது. வேறு எந்தத் தவறு நடந்திருந்தாலும் யாராவது கத்தியிருப்பார்கள். அக்கா வாக்கியை வாயருகே பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது இரண்டாவது கேட்டிலிருந்து ஒடிசாக்காரர் மெதுவாக, "நெகட்டிவ், மேடம். கத்திரிக்கா" என்றார்.

"கத்திரிக்கா" என்றாள் அக்கா. பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்து வாயை நெடுநேரம் கொப்பளித்தாள். அன்று பாக்கி வண்டிகளை நான்தான் பார்த்தேன்.

அந்த ஒரு தடவையால் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் பொங்கலைத் தாண்டி இருந்தார். வெயில் ஏறத் தொடங்கிய பிறகுதான் ஒரு காலையில் பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் வண்டி ஸ்டாண்டு ஆள் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஜன்னலைத் தேடி வந்தார். எதுவும் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட அக்கா இன்னிக்கி வரமாட்டாங்கன்னு சொல்லு. திருப்பிச் சொல்லு."

"அக்கா இன்னிக்கி வரமாட்டாங்க."

"ஏன்னு கேட்டா?"

"நீங்க சொல்லலியேக்கா."

"வீட்டுக்காரரு செத்துட்டாருன்னு சொல்லு" என்றாள். பங்காருபேட்டைக்காரரு என்று சொல்லவில்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஸ்டேஷனில் இறங்கி, சீருடையோடு அந்த ஆளின் பின்னால் நடந்து போனாள்.

அங்கே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. ஊரில் சொன்னார்கள். இரண்டு பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்களாம். யார் பெரியவள் என்ற பேச்சே எழவில்லையாம். காரியம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பியபோது நெற்றியில் பொட்டு இல்லை. மற்றபடி அதே சட்டை, அதே கயிறு, அதே டிபன் டப்பா. ரயிலில் பங்காருபேட்டை வந்தபோது என் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து வண்டி ஸ்டாண்டை நன்றாகப் பார்த்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கன்ட்ரோலில் உட்கார்ந்து வாக்கியை எடுத்தாள். முதல் வண்டி இரண்டாவது கேட்டில். "கத்திரிக்கா, ஆரோக்கியம்…" என்று ஒடிசாக்காரர் ஆரம்பித்தார். இந்த நாலைந்து மாதத்தில் அவருக்கு அது நன்றாகவே பழகியிருந்தது.

"நெகட்டிவ்" என்றாள் அக்கா. "கோதண்டம்."

அவர் தயக்கத்தோடு, "மேடம், அந்தப் பேர் சொல்லக்கூடாது சொன்னீங்க" என்றார்.

"இப்ப சொல்லலாம். இனிமே சொன்னா ஒண்ணும் ஆவாது. திருப்பிச் சொல்லு."

"கோதண்டம்" என்றார் அவர். வாக்கியில் லைன் சுத்தமாக இருந்தது. இரைச்சல் இல்லை, குறுக்கே யாரும் பேசவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது.

"கேக்கல" என்றாள் அக்கா. "திருப்பிச் சொல்லு."

அவர் சொன்னார். அவள் மறுபடியும், கேக்கல என்றாள். வாக்கியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அந்த மனிதர் சலித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். இரண்டாவது கேட்டில் கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. சூப்பர்வைசர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், வந்த வழியே திரும்பிப் போனார். கட்டை இன்னும் மேலே போகவில்லை. அவள் காப்பி என்று சொல்வதற்காக எல்லோரும் காத்திருந்தோம்.